திரையில் ஏறிய வரி

மூன்று பேர் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். மூவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் ரத்தம் சிந்தியது. முழுக்கக் கேட்டபின் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரையோரம் ஒரு கலைக் கல்லூரி. அங்கே ஜெசிந்தா சமூகவியல் நடத்திவந்தார். கேள்வி கேட்டால் முதல் பெஞ்சில் இரண்டு பேர் வாய் திறப்பார்கள். மற்ற ஐம்பத்தாறு பேரும் மேசையைப் பார்ப்பார்கள். அதனால் அந்த ஆண்டு ஒரு புது முறை கொண்டுவந்தார். கேள்வி திரையில் வரும். மாணவர்கள் தத்தம் செல்போனில் பதிலைத் தட்டுவார்கள். பெயரில்லாமல் அது உடனே திரையில் ஏறும்.

"யார் எதை எழுதினீங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இது என் வாக்கு" என்றார். அதுவரை பேசாத பிள்ளைகளெல்லாம் எழுதத் தொடங்கினார்கள்.

அந்த வகுப்பில் படித்த சுடலைமணி, விடுதி மொட்டைமாடியிலிருந்து விழுந்து மண்டை பிளந்து செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கால் தவறிவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். அன்றைய பாடம் வன்முறை. "விடுதியில் பார்த்ததை ஒரு வரியில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார் ஜெசிந்தா. பெல்ட் அடி, சிகரெட் சூடு என்று பதில்கள் ஏறிக்கொண்டே வந்தன. கடைசியாக இது வந்தது:

"சுடலைமணி தவறி விழவில்லை. கர்ணபாண்டி அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கெஞ்சக் கெஞ்சக் கையை விட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்."

ஜெசிந்தா பதறித் திரையை அணைப்பதற்குள் வகுப்பே படித்துவிட்டது. கர்ணபாண்டி கடைசி பெஞ்சில்தான் இருந்தான். திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, யார் கையில் இன்னும் செல்போன் இருக்கிறது என்று தேடினான். இசக்கிராஜ் கையில் இருந்தது.

மதியம் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நாலு பேர் இசக்கிராஜை அமுக்கிப் பிடித்தார்கள். கர்ணபாண்டி கிரிக்கெட் ஸ்டம்பால் விளாசிய முதல் அடியில் முன்பல் இரண்டு தெறித்தது.

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"எந்த வெரலால தட்டுன?"

இசக்கிராஜ் விரல்களை மடக்கிக்கொண்டான். அவன் வலது கையைக் கருங்கல்லில் விரித்துவைத்து, கட்டைவிரலில் தொடங்கி ஐந்தையும் ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். மூன்றாவது விரலில் அவனுக்கு நினைவு தப்பியது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

ஜெசிந்தா மருத்துவமனைக்கு ஓடினார். கட்டுப்போட்ட கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இசக்கிராஜ் வீங்கிய உதட்டோடு மெல்லச் சொன்னான்.

"நான் எழுதல மேடம். எழுதினவன் என் பக்கத்துலதான் இருந்தான்."

"பிறகு ஏன்ப்பா நீதான்னு சொன்ன?"

"இல்லன்னா யாருன்னு கேப்பாங்க. அடி தாங்காம சொல்லிருவேன். நான்தான்னு சொன்னா கேள்வி முடிஞ்சிரும்ல."

வெளியே பெண் ஆய்வாளர் காத்திருந்தார். "வெறும் அடிதடி வழக்குன்னா நாலு நாள்ல ஜாமீன்ல வந்துருவான். கொலைக்குக் கண்ணால பார்த்த சாட்சி வேணும். அந்த வரிய எழுதினவன் பெயர் உங்ககிட்ட இருக்குமே?"

"இல்லை" என்றார் ஜெசிந்தா. இல்லை என்றுதான் நம்பினார்.

துறைக்குத் திரும்பியதும் கணினி ஆய்வக உதவியாளர் தனிஸ்லாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "திரையிலதான் பெயர் வராது மேடம். உள்ளே யார் எழுதினதுன்னு பதிவெண்ணோட இருக்கு."

ஜெசிந்தா அவரை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தார். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தார். இசக்கிராஜுக்குப் பக்கத்தில் உட்காரும் வேல்துரை.

அவனை நூலகத்தில் தனியே பிடித்தார். "நீயே போய்ச் சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்."

வேல்துரை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் மேடம். இசக்கி கையப் பார்த்தீங்கல்ல? ஒரு நாள் டைம் குடுங்க."

"சரி" என்று வந்துவிட்டார்.

தனிஸ்லாஸ் அந்த ஒரு நாளைக் கொடுக்கவில்லை. இன்னொரு பையன் மாடியிலிருந்து விழுவதற்குள் யாராவது சொல்லியாக வேண்டும் என்று, மறுநாள் காலையிலேயே பட்டியலை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டார். போலீஸ் வண்டி விடுதி வாசலுக்கே வந்து வேல்துரையை ஏற்றிச் சென்றது. ஊரே பார்த்தது.

கர்ணபாண்டி கொலை வழக்கில் உள்ளே போனான். வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, நீதிமன்ற வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய வேல்துரையைக் கர்ணபாண்டியின் சித்தப்பா மகன் அரிவாளால் வெட்டினான். தலைக்குக் குறிவைத்த வெட்டு, தடுக்க உயர்ந்த இடது கையில் இறங்கியது. மருத்துவமனையில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியபின், சட்டையின் ஒரு கை காலியாகத் தொங்க, வேல்துரை கூண்டில் ஏறி, தான் பார்த்ததை அப்படியே சொன்னான். கர்ணபாண்டிக்கு ஆயுள் தண்டனை.

இசக்கிராஜ் பொய் சொன்னான். ஜெசிந்தா பெயர் தெரிந்தும் சொல்லவில்லை. தனிஸ்லாஸ் பெயரைக் கொடுத்தார். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சுடலைமணியின் தாயைக் கேட்டால் தனிஸ்லாஸ் என்பாள், அவளோடு வாதாட எனக்கு வாயில்லை. ஆனால் தனிஸ்லாஸ் நியாயத்துக்குக் கொடுத்த விலை இன்னொருவனுடைய கை. ஜெசிந்தா தன் வசத்தில் இல்லாததை வாக்காகக் கொடுத்தார். பட்டியலைத் திறந்தபோதே அந்த வாக்கும் உடைந்துவிட்டது. இசக்கிராஜ் மட்டும்தான் தன்னுடையதை மட்டுமே கொடுத்தான். அவன் செய்ததே சரி என்பது என் தீர்ப்பு. வேல்துரையை ஒருமுறை கேட்டார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. "அந்த ஒரு நாள் கெடச்சிருந்தா நானே போயிருப்பேனா, ஓடியிருப்பேனா? அது எனக்கே தெரியாமப் போச்சு" என்றான்.