பெட்டி இல்லாத விமானம்

“இதுக்கு மேல குறைக்க ஒண்ணுமில்ல, டீச்சர்” என்றார் தேவசகாயம்.

இருபத்தைந்து வருடம் விமானம் ஓட்டியவர். மின்சாரத்தில் பறக்கும் விமானம் செய்யக் கற்க வேண்டுமென்று, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளான குழலியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

இருக்கையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டார். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டார். பத்து நாளாக ஒருவேளைதான் சாப்பாடு.

அப்படியும் விமானம் ஓடியதே தவிர, எழும்பவில்லை.

“எது கனம்?” என்றாள் குழலி.

“பேட்டரிப் பெட்டி. என்னைவிடக் கனம்.”

“இறக்கிடுங்க.”

“இறக்கிட்டு?”

“இறக்குங்கண்ணே.”

கப்பி போட்டு இறக்கினார். கோபம் வந்தது.

“நாளைக்கு அதிகாரி வர்றார். ரெண்டு தடவை ‘பறக்காது’ன்னு எழுதினவர். இன்னொரு தடவை எழுதினா ஷெட்டைப் பூட்டிடுவாங்க. கரன்ட் இல்லாத விமானத்தை வச்சுக்கிட்டு அவர்கிட்ட என்னத்தைக் காட்டுறது?”

குழலி பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். தீர்ந்துபோன ஒரு செல்லை எடுத்து, கத்தரியால் வெட்டி, அவர் கையில் விரித்து வைத்தாள்.

கறுப்பாக ஒரு கார்பன் தாள். நடுவில் மெல்லிய வெள்ளைத் தாள். மறுபடியும் கறுப்பு.

“எட்டு மாசமா நீங்க எதை ஒட்டினீங்க?”

“இறக்கையை.”

“எப்படி?”

“கார்பன் துணி. நடுவுல வெள்ளைத் துணி. மறுபடியும் கார்பன்...”

பேச்சு நின்றது. திரும்பி இறக்கையைப் பார்த்தார். கிட்டே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“பலத்துக்குன்னு நினைச்சேன்.”

“பலத்துக்கும்தான்” என்ற குழலி, சார்ஜ் ஒயரை இறக்கையின் அடியில் செருகினாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். பெட்டி இருந்த இடத்தில் குனிந்து பார்த்தார். வெறும் பள்ளம்.

“பேட்டரி எங்க?”

“தனியா இல்ல சார்.”

“படிவத்துல பேட்டரி அறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதுறது?”

“காலியா விடுங்க.”

“காலியா விட முடியாது. அந்த அறை இல்லாத விமானம் எங்க கணக்குல விமானமே இல்ல.” அதிகாரி பேனாவைத் திறந்தார். “பறக்காதுன்னு எழுதுறேன்.”

தேவசகாயம் குழலியைப் பார்த்தார். அவள் அதிகாரியையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. ஓடுதளத்தில் வழி மறித்துக் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். சுவிட்சைத் தட்டினார்.

விசிறி சுழன்றது. படிவம் படபடத்தது.

“எழுதுங்க சார்” என்றார் தேவசகாயம். “கொஞ்சம் தள்ளி நின்னு எழுதுங்க. இறக்கை இடிக்கும்.”