உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெளிச்சம்

செண்பகவல்லி நர்ஸ் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கணவரின் மாற்றல், பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து அதை ஓரம் கட்டிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு வேலை பழக்கிவிட்டவள் ஜெசிந்தா. ஏறக்குறைய அவள் மகள் வயது. ஜெசிந்தா இவளை "அக்கா" என்றாள். இவள் ஜெசிந்தாவை "சிஸ்டர்" என்றாள். யார் குரு, யார் சிஷ்யை என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இல்லை.

செண்பகவல்லியின் காலத்தில் விரல் நுனியால் தடவித்தான் நரம்பு தேடுவார்கள். இங்கே அதற்கு ஒரு விளக்கு இருந்தது. சோப்புக்கட்டி அளவு. தோலோடு ஒட்டி வைத்தால் சிவப்பு வெளிச்சம் சதைக்குள் இறங்கும். அந்தச் சிவப்பில் ரத்தக்குழாய் கறுப்புக் கோடாகத் தெரியும். நோயாளிகள் அதை நரம்பு விளக்கு என்றார்கள்.

முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். கனத்த கை. எங்கே தடவினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. செண்பகவல்லி விளக்கை வைத்தாள். கோடு தெரிந்தது. ஒரே குத்தில் ஊசி ஏறியது.

"இது இருந்தா யார் வேணும்னாலும் குத்திரலாமே சிஸ்டர். இதுல கத்துக்க என்ன இருக்கு?"

ஜெசிந்தா சிரித்தாள்.

அதே வாரம் அழகர்சாமி வந்தார். எண்பதைத் தாண்டியவர். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்து வாடிப் போயிருந்தார். செண்பகவல்லி ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விளக்கை வைத்தாள். கோடுகள் நன்றாகத் தெரிந்தன. குத்தினாள். நரம்பு உடைந்து தோலுக்கடியில் நீலமாகப் பரவியது. அடுத்த கையில் குத்தினாள். அங்கே நரம்பு ஊசிக்குத் தப்பி நழுவியது.

"மன்னிச்சுக்கோங்க ஐயா."

"இருக்கட்டும் தாயி. என் நரம்பு என் பேச்சையே கேக்காது. உன் பேச்சையா கேக்கப் போவுது?" என்றார் அவர்.

ஜெசிந்தா வந்தாள். ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். விளக்கை அணைத்துப் பையில் போட்டாள். கட்டை விரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சாய்வாக, அவசரமில்லாமல் நுழைத்தாள். ஏறிவிட்டது.

"விளக்கு வேண்டாமா சிஸ்டர்?"

"ஐயாவுக்கு எல்லாம் வெளியவே தெரியுதே அக்கா."

அன்று சாப்பாட்டு நேரத்தில் செண்பகவல்லி டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"நாளையிலேர்ந்து நான் வரல சிஸ்டர்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பல்லாம் விளக்கே இல்லாம குத்துவேன். இப்ப வெளிச்சம் போட்டுக் காட்டுது, அப்பவும் தப்புது. ஏன் சிஸ்டர்? என் கை போயிருச்சா?"

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பையிலிருந்த விளக்கை அவளிடம் தந்து, தன் இடது கையை மேசைமேல் நீட்டினாள்.

"விளக்கை வைங்க."

செண்பகவல்லி வைத்தாள். மங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

"இன்னும் நல்லாத் தெரியட்டும்."

செண்பகவல்லி விளக்கை அழுத்தினாள். கோடு மறைந்தது. இன்னும் அழுத்தினாள். சிவப்பு மட்டும் இருந்தது.

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அழுத்துனா அமுங்கிரும், இறுக்கிக் கட்டுனா உடைஞ்சிரும்."

செண்பகவல்லி கையைத் தளர்த்தினாள். கோடு திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினாள். போய்விட்டது. தளர்த்தினாள். வந்தது. நான்கைந்து முறை அப்படியே செய்து பார்த்தாள்.

"சாப்பிடுங்க அக்கா" என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் செண்பகவல்லி வேலைக்கு வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு காலையில் இசக்கியம்மாள் குழந்தையோடு ஓடி வந்தாள். எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். குழந்தை இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. மதுபாலன் என்று பெயர். வாந்தியும் பேதியுமாக உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போயிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தது. அழுதான். கண்ணீர் வரவில்லை.

"உடனே ட்ரிப்ஸ் ஏறணும்" என்றார் டாக்டர் நவநீதன்.

ஜெசிந்தா வலது கையில் பார்த்தாள். தவறியது. பாதத்தில் பார்த்தாள். அதுவும் தவறியது. தண்ணீர் இல்லாத உடம்பில் நரம்பு நூலாகச் சுருங்கியிருந்தது.

ஜெசிந்தா ஊசியைக் கீழே வைத்தாள். விளக்கைச் செண்பகவல்லியிடம் நீட்டினாள்.

"நீங்க பாருங்க அக்கா."

"நானா? சிஸ்டர், உங்களுக்கே கிடைக்கல..."

"ரெண்டு தடவ குத்திட்டேன். அதுக்கு மேல ஒரே ஆளு குத்தக் கூடாது. கை மாறணும்."

டாக்டர் முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் கிடைக்கலேன்னா எலும்புக்குள்ள ஊசி இறக்கித்தான் ட்ரிப்ஸ் போடணும். நான் ரெடி பண்றேன். நீங்க பாருங்க."

இசக்கியம்மாள் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

ஜெசிந்தா மேல் விளக்கை அணைத்துத் திரையை இழுத்தாள். செண்பகவல்லி குழந்தையின் இடது உள்ளங்கைக்குக் கீழே வெளிச்சத்தை வைத்தாள். செம்பருத்தி இதழை வெயிலில் பிடித்ததுபோல அந்தக் கை முழுவதும் சிவந்து ஒளிர்ந்தது. கோடு எதுவும் இல்லை.

தன் விரல்கள் விறைத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. மூச்சை விட்டாள். விரல்களைத் தளர்த்தினாள். குழந்தையின் கை விளக்கின்மேல் சும்மா கிடந்தது.

புறங்கையில், மோதிர விரலுக்கு மேலே, முடி போல ஒரு கறுப்பு இழை எழுந்தது.

குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை உருவிவிட மனம் பதறியது. உருவவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"வந்துட்டான்" என்றாள் ஜெசிந்தா. "விளக்கை எடுத்திருங்க அக்கா. பச்சைத் தோல், சூடு படக் கூடாது."

மருந்துநீர் சொட்டத் தொடங்கியது. டாக்டர் எலும்பு ஊசியைப் பிரிக்காமலே திரும்ப வைத்தார். இசக்கியம்மாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

உச்சிவேளைக்கெல்லாம் குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டான். இசக்கியம்மாள் அலறினாள்.

"சிஸ்டர்! சிஸ்டர்! இங்க வாங்க!"

இருவரும் ஓடினார்கள்.

"கண்ணீர் வருது பாருங்க! எம்புள்ள கண்ணுல தண்ணி வருது!"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து வந்து அந்தக் கண்ணீரைப் பார்த்தார்கள். ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இசக்கியம்மாள் செண்பகவல்லியின் கையிலிருந்த நரம்பு விளக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இதுக்குக் கோடிப் புண்ணியம்மா" என்றாள். பிறகு விளக்கைத் தந்துவிட்டு, செண்பகவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் செண்பகவல்லி நின்றாள். முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்க மட்டும் கையை நீட்டலேன்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இன்னைக்கு நம்பி விளக்கைக் குடுத்தீங்க. வயசுல சின்னவங்க, இல்லேன்னா கால்ல விழுந்திருப்பேன். நான் எப்படி நன்றி சொல்ல?"

ஜெசிந்தா வார்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். மதுபாலன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். வலது கையிலும் பாதத்திலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"அவன்கிட்ட சொல்லுங்க அக்கா. நாம ரெண்டு பேரும் கத்துக்கிட்டு வர்ற வரைக்கும் அவன்தான் பொறுத்துக்கிட்டான்."