புஷ்பராணி பேச்சை நிறுத்திய இடம்

செபஸ்தியான் மாஸ்டரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு வருவார்கள். புஷ்பராணி முடிவோடு வந்தாள்.

"நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கு மாஸ்டர். அதோட பேசுறத விட்டுறப் போறேன்."

மாஸ்டர் மலைநாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்து பேர் வாங்கியவர். புஷ்பராணி அவர் கையில் உருவானவள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. தோட்டத்துத் தமிழர் என்றால் ஆஸ்பத்திரியில்கூடக் கடைசி இடம்தான் என்பதைக் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. பேசி முடித்து ஓட்டல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான், சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

"தொண்டையில ஏதாச்சும் கோளாறா?" என்றார் மாஸ்டர்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசுலதான் ஒண்ணுமே இல்ல."

போன மாதம் நடந்ததைச் சொன்னாள். வழக்கம்போல அக்கா செத்த கதையைப் பேசிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லாத மேடை இல்லை. சபையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அவள், மத்தியானச் சாப்பாட்டில் மீன் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான் மாஸ்டர். அவளையும் பேசிப் பேசியே தொலைச்சிட்டேன்."

மாஸ்டர் ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. நாற்காலியை இழுத்து எதிர்ச்சுவரோரம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, பேசு."

"இங்கயா?"

"ஏன், நான் சபை இல்லையா?"

எழுந்து நின்றாள். குரல் தானாக வந்தது.

"தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். வாட்டில் கட்டில் காலியாக இருந்தது. தோட்டத்து ஆள் என்றதும் வராந்தாவைக் காட்டினார்கள். வலிக்கிறது என்று அவள் தன் மொழியில் சொன்னாள். அந்த மொழியைக் கேட்க அங்கே ஒரு காது இல்லை."

அங்கே நிறுத்தினாள். மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுத் தொடர வேண்டும். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் பழக்கிய வித்தை. சபை அழுவது அந்த இடைவெளியில்தான்.

மாஸ்டர் அழவில்லை. "யாரு அந்தக் கர்ப்பிணிப் பெண்?" என்றார்.

"என்ன மாஸ்டர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? எங்க அக்கா."

"பேச்சுல அப்படி வரலயே."

"'ஒரு பெண்'னு சொன்னாத்தான் எல்லாருக்கும் பொதுவா இருக்கும்னு கூட்டம் நடத்துறவங்க சொன்னாங்க."

"பேரு?"

"அங்கம்மா."

சொன்னதும் அவளுக்கே என்னவோ போல இருந்தது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. மேடையில் அதற்கு இடம் இல்லை, வீட்டில் கேட்க ஆள் இல்லை.

"அன்னிக்கு நீதானே துணைக்குப் போன?"

"ஆமா. சின்னப் புள்ள நான். வேற ஆள் இல்ல."

"வராந்தாவுல அங்கம்மா என்ன செஞ்சா?"

"செத்துப் போனா."

"அதுக்கு முந்தி?"

புஷ்பராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குளிருதுன்னு அழுதேன். அவ போத்தியிருந்த கம்பளிய எடுத்து எனக்குப் போத்திவிட்டா. வேணாம்க்கான்னேன். 'எனக்கு எதுக்குடி, இப்ப கூப்பிட்டுருவாங்க, உள்ள கட்டில் குடுப்பாங்க'ன்னா. ஒவ்வொரு தடவ கதவு தொறக்கும்போதும் சீலையச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிக்கப் பாத்தா. தன்னத்தான் கூப்பிட வர்றாங்கன்னு..."

அதற்கு மேல் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, ஊர் உலகமெல்லாம் பேசிய அந்தப் பெண், சின்னப் பிள்ளையாகத் தேம்பினாள். மாஸ்டர் நாற்காலியை விட்டு அசையவில்லை, தண்ணீர்கூடக் கொண்டுவந்து நீட்டவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

கடைசியில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாஸ்டர், இதச் சொன்னா என்னால பேச முடியாது. நாளைக்கு மேடையிலயும் இப்படி நின்னுட்டேன்னா என்ன செய்றது?"

"நில்லு."

"சபை காத்துக்கிட்டு இருக்குமே."

"இருக்கட்டும்."

"பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. நேரம் போனா மணி அடிச்சிருவாங்க மாஸ்டர். எவ்வளவு நேரந்தான் அவங்களக் காக்க வைக்கிறது?"

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அங்கம்மா எவ்வளவு நேரம் காத்திருந்தா?"