பதினோரு வாசல் மண்டபம்

மில் முதலாளி நாச்சிமுத்துவின் கல்யாண மண்டபம் மூன்று வருஷமாகியும் வெறும் தூணாகவே நின்றது. மூன்று மாதத்துக்கு ஒரு வாஸ்துக்காரர் வருவார்; வாசல் இடம் மாறும்; கட்டிய சுவர் இடியும்.

ஒருநாள் முதலாளி சைட்டில் நின்று கத்தினார்: "தாமதத்துக்குக் காரணமானவன் இன்னைக்கே கேட்டுக்கு வெளியே நிக்கோணும்! வாட்ச்மேன், அவனை மறுபடி உள்ளே விட்டா உன் வேலை போச்சு. தெய்வானை, ஆளைக் கண்டுபிடி. இல்லாட்டி நீ கிளம்பு!"

தெய்வானை கம்ப்யூட்டரில் கட்டடத்தின் மாதிரியை வரைகிறவள். முதலாளி கேட்ட பதினோரு வாசலும் அதில் தேதியோடு இருந்தன. கம்ப்யூட்டர் கட்டடத்துக்குள் நடக்க வைக்கும் பெரிய கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டினாள்.

"நீங்க சொன்ன வாசல் வழியாவே நடங்க."

நடந்தார். சமையலறையிலிருந்து மணமேடை, மணமேடையிலிருந்து கக்கூஸ், அங்கிருந்து மறுபடி சமையலறை. பதினோராவது வாசலைத் தாண்டிக் கண்ணாடியைக் கழற்றினால், தெருவில் திருஷ்டி பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"ஆள் வெளியே வந்தாச்சுங்க," என்றாள் தெய்வானை.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். "ஐயா உத்தரவுங்க."

அதன்பின் வாசல் மாறவில்லை. தெய்வானை முதன்முதலில் வரைந்த மாதிரியில் இருந்தபடியே நாற்பது நாளில் மண்டபம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு முதலாளியை உள்ளே விட்டார்கள். சட்டைப்பையில் வாஸ்துக்காரர் யாரும் இல்லையென்று வாட்ச்மேன் தடவிப் பார்த்த பிறகு.