முகம் மாறிய காசு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் முகத்தின் மேல் கொள்ளை ஆசை. நாட்டிலிருந்த பழைய காசையெல்லாம் உருக்கி, தன் முகம் பொறித்த புதுச் செப்புக்காசு அடித்துச் சம்பளம் கொடுத்தார். பத்தே நாளில் கடைவீதி காற்று வாங்கியது.

"குடிகள் தங்கள் திருமுகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்கள், பிரபு," என்றார் வரி மந்திரி பூதலிங்கர். அரசவை விகடன் வேம்பன் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருவது அவருக்கு நெடுநாளாகவே ஆகாது. "வேம்பனிடம் விடுங்கள். எட்டு நாளில் காசு கைமாற வேண்டும். சவுக்கோ புதுவரியோ கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார். வேம்பன் கடைவீதிக்கு நடந்தான். இந்த ஊரை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

அங்கே பணியாரக்காரி செங்கமலம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பசியோடு மடியை அவிழ்த்த வேம்பன், பளபளத்த காசைப் பார்த்ததும் மறுபடி முடிந்துகொண்டான்.

"நீயுமாய்யா? ராசா முகத்தைப் பணியாரத்துக்கா குடுக்கறதுன்னு எல்லாரும் இப்படித்தான் போறாங்க. நானே ரெண்டு காசை சாமி மாடத்துல வச்சிட்டேன்."

வேம்பன் கெக்கலித்துச் சிரித்தபடி அரண்மனைக்கு ஓடினான்.

"பிரபு, இந்த எட்டு நாளும் அடிக்கிற காசில் மந்திரி பூதலிங்கரின் முகம் இருக்க அருள்புரிய வேண்டும்."

"எனக்கெதற்கு அந்தப் பெருமை," என்றார் பூதலிங்கர். அதற்குள் கை மீசையை முறுக்கத் தொடங்கிவிட்டது.

காசு வெளிவந்த அன்றே கடைவீதி அமர்க்களப்பட்டது. வரி பிடுங்கியவர் முகத்தை ஒரு பொழுது வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. வாங்கிய கையோடு அரிசி வாங்கினார்கள். அரிசிக்காரர் எண்ணெய்க்கடைக்கு ஓடினார். செங்கமலம் உச்சிக்கு முன்பே பணியாரத்தை விற்றுத் தீர்த்துவிட்டுப் புடவைக்கடையில் நின்றாள்.

எட்டாம் நாள் பூதலிங்கர் சபையில் நெஞ்சை நிமிர்த்தினார். "என் காசு படாத கையே நாட்டில் இல்லை, பிரபு."

"உண்மைதான்," என்றான் வேம்பன். "ஆனால் எந்தக் கையிலும் அரை நாழிகைக்கு மேல் தங்கவில்லை. பிரபு, தங்கள் முகமோ வீட்டுக்கு வீடு சாமி மாடத்தில் இருக்கிறது."

ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முகக் காசு நூறைப் பையில் போட்டு நீட்டினார். வேம்பன் கைகூப்பித் தயங்கினான்.

"வீட்டில் அரிசி இல்லை, பிரபு. மந்திரியார் காசாகக் கொடுத்தால் இன்றே அடுப்பெரியும்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, முகத்துக்கு ஒன்றாக இரண்டு பை கொடுத்தார். வேம்பன் வீடு போய்ச் சேருமுன் ஒரு பை காலி.