துப்பைத் துலக்கிய மூவர்

சொன்னதைச் செய்கிறவனை எல்லா முதலாளிக்கும் பிடிக்கும். சொன்னதை அப்படியே செய்கிறவனைப் பிடித்த முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் துணை நடிகர் சங்கத்தில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். அங்கப்பன், சூசை, பொன்னுரங்கம். ஒருமுறை ஊர்வலத்தில் "முன்னேறு, முன்னேறு" என்று கோஷம் போட்டோம். ஊர்வலம் திருவொற்றியூரில் முடிந்தது. நாங்கள் டீ குடித்துக் கொண்டிருந்தபோது இவர்கள் எண்ணூரைத் தாண்டி முன்னேறிக் கொண்டிருந்தார்கள்.

இந்த மூவருக்கும் டி.வி. துப்பறியும் தொடர் ஒன்றில் மாணவர் வேடம் கிடைத்தது. கடலோரத்தில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் படப்பிடிப்பு. துப்பறிவாளர் ஒருவர் குற்றவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார், அதுதான் அந்த வாரக் கதை.

டைரக்டர் சொன்னார்: "நடிக்காதீங்க. நிஜ மாணவனாவே மாறிடுங்க. அவர் சொல்றதை அப்படியே செய்யணும்."

மூவரும் மாறிவிட்டார்கள்.

துப்பறிவாளராக நடித்தவர் சுருட்டை டோப்பாவைத் தடவிக்கொண்டு வசனம் பேசினார்: "மாணவர்களே! துப்பு கிடைத்தால் அதைத் துலக்குங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனியுங்கள். குற்றவாளியை வலைவீசித் தேடுங்கள். கையும் களவுமாகப் பிடியுங்கள். கடைசியில் அவனைக் கம்பி எண்ண வையுங்கள்!"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டோப்பாவைக் காணோம்.

அங்கே மேனேஜர் தயாளன் என்று ஒருவர். பெயரில் மட்டும்தான் தயாளம். துணை நடிகர்களுக்குப் பாதி முட்டை போட்டுக் கணக்கில் முழு முட்டை எழுதியவர். மீதிப் பாதிக்காக நாங்கள் கொடி பிடிக்க வேண்டியிருந்தது. வழுக்கைத் தலை. அன்று மாலை மணலியில், மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வீட்டில், பெண் பார்க்கப் போவதாகக் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்தார்.

அவர்தான் முதலில் கத்தினார்: "உடுப்பு, டோப்பா எல்லாம் பவுனம்மா பொறுப்பு. அவதான் எடுத்திருப்பா. சாயந்திரத்துக்குள்ள டோப்பா வரலேன்னா நாளையிலேர்ந்து அவ வரவேணாம்!"

பவுனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். "முடி திருடி நான் இன்னா சாமி பண்ணப் போறேன்? எனக்கே இடுப்பு வரைக்கும் கெடக்குது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

"பவுனக்கா பொழப்பு போயிடும்டா," என்றான் அங்கப்பன். "படிச்ச படிப்பு எதுக்கு இருக்குது?"

ஒப்பனை அறைக்குள் போனார்கள். கண்ணாடியில் ஐந்து விரலும் பதிந்த எண்ணெய்க்கை அடையாளம் இருந்தது. வடை தின்ற கை.

"துப்பு!" என்றான் சூசை.

"சார் இன்னா சொன்னாரு? துலக்கணும்."

பொன்னுரங்கம் சமையல்காரரிடம் சாம்பலும் தேங்காய் நாரும் வாங்கி வந்தான். கண்ணாடி பளபளக்கும்வரை துலக்கினார்கள்.

"இப்ப இன்னா தெரியுது?" என்றான் அங்கப்பன்.

"நாம மூணு பேரு தெரியுறோம்."

"நாம எடுக்கலியே?"

"எடுத்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்கும்ணே."

அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து மளிகைக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கி ஆளுக்கு ரெண்டு சொட்டு கண்ணில் விட்டுக் கொண்டார்கள். மதில்மேல் காய்ந்து கொண்டிருந்த இரண்டு மீன்வலைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நின்றார்கள்.

"யாராச்சும் வர்றாங்களா?"

"எரியுதுண்ணே. எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரியுறாங்க."

"அப்ப ரெண்டு வாட்டி வீசு."

முதல் வீச்சில் டைரக்டர் டீ கிளாசோடு விழுந்தார். இரண்டாவது வீச்சில், சுருட்டை முடியோடு வேகமாக வெளியே போன ஒருவர் விழுந்தார். வலையில் முடி தனியாகவும் தலை தனியாகவும் வந்தது. தலை தயாளனுடையது.

"ஆப்ட்டுக்கினான்!" என்றான் சூசை.

"இரு," என்றான் அங்கப்பன். "கையும் களவுமா பிடிக்கணும். இவரு தலையும் களவுமாத்தானே இருந்தாரு? செல்லாது."

யோசித்தார்கள். டோப்பாவைத் தயாளன் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் பிறகு பிடித்தார்கள்.

டைரக்டர் வலையிலிருந்து வெளியே வந்தார். "பவுனம்மா, மன்னிச்சிக்கம்மா. நாளைக்கும் நீதான் வரணும். டோப்பாவைத் துப்பறிவாளருக்கு மாட்டு. இந்த ஆளை நான் அப்புறம் கவனிச்சிக்கிறேன்."

"வேணாம் சார். பாடத்துல அடுத்தது இருக்குது," என்றான் அங்கப்பன்.

தயாளனை வகுப்பறை ஜன்னல் முன்னால் உட்கார வைத்தார்கள். "எண்ணுங்க சார்."

தயாளன் எண்ணினார். "ஏழு."

பொன்னுரங்கமும் எண்ணிப் பார்த்தான். ஏழுதான்.

"தண்டனை முடிஞ்சுது. போய்ட்டு வாங்க சார், மணலி பஸ் வந்துரும்."

தயாளன் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார்.

விளக்கெல்லாம் போட்டுவிட்டு டைரக்டர் கேட்டார்: "தயாளன் எங்கய்யா?"

"போய்ட்டாரு சார்."

"ஐயையோ, கம்பி நீட்டிட்டானா!"

மூவரும் பாடத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். அப்படி ஒரு குற்றம் அவர்கள் பாடத்தில் வரவில்லை. பவுனம்மாவிடம் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு கம்பியாக அளந்தார்கள்.

"ஏழும் ஒரே நீளம்ணே. எதையும் நீட்டல."

அங்கப்பன் முகம் சிவந்துவிட்டது. "மத்தியானம் பவுனக்கா மேல அபாண்டம். இப்ப இவரு மேல. நிரபராதி எவனா இருந்தாலும் சங்கம் கைவிடாது தோழர்களே."

"அப்ப அவர் கையிலேர்ந்து பிடுங்கின பொருளு?"

"திருப்பிக் குடுக்கணும்."

கேமரா ஓடிக் கொண்டிருந்தது. "மாணவர்களே! குற்றவாளி எப்போதும் ஒரு தடயத்தை..." என்று துப்பறிவாளர் தொடங்கும்போது, அங்கப்பன் மரியாதையாகக் குனிந்து, அவர் தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றிக் கொண்டான். "கோச்சிக்காதீங்க சார், இது வேற ஒருத்தரோடது." மூவரும் ஓடினார்கள்.

மணலியில் பெண் வீட்டார் பஜ்ஜி வைத்து உபசரித்துக் கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு ஜலதோஷம், அதான் துண்டு," என்று தயாளனின் மாமா சொல்லி முடிக்கவில்லை. கண்ணில் எண்ணெய் வழிய மூன்று பேர் உள்ளே வந்து தயாளனைச் சுற்றி நின்றார்கள். அங்கப்பன் அவர் தலைத்துண்டை அவிழ்த்தான், டோப்பாவை வைத்தான், சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். பிறகு பெண்ணின் அப்பாவிடம் திரும்பினான்.

"தைரியமா பொண்ணு குடுங்க பெரியவரே. தண்டனை எல்லாம் மத்தியானமே முடிச்சிட்டாரு. ஏழு கம்பி."