முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை

மடத்துக் கிணற்றடியில் அம்பலவாண சாமி கீரைப்பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய சீடர்களில் ஒருத்தி பரிமளா. ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. வந்ததும் விழுந்து கும்பிடுகிறவள், அன்று சும்மா நின்றாள்.

“என்னம்மா?”

“என் வகுப்புப் பிள்ளை சாமி. சம்யுக்தான்னு பேரு. எட்டாவது படிக்கிறா.”

போனில் விளையாடும்போது அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். தனக்கும் அதே வயது என்றிருக்கிறாள். உண்மையில் அது ஒரு ஆண். நைச்சியமாகப் பேசி ஒரு படம் வாங்கிக்கொண்டான். பிறகு, கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டத் தொடங்கினான். மழைக்காலம் முழுக்க அவள் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. போன வாரம் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். சேலம் பஸ் நிலையத்தில் தனியாக நின்றவளைப் போலீஸ் அழைத்துவந்தது. அதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை.

“அவனைப் பிடிச்சாங்களா?”

“இல்ல சாமி.”

சாமி தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

“நேத்து வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. இதைப் பத்தித்தானே வருஷம் பூரா படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? பரீட்சை வச்சேன். அவதான் முழு மார்க்கு. அப்புறம் ஏன் சாமி?”

சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“வகுப்புல சொன்னதை அப்படியே சொல்லுங்க. அதே குரல்ல.”

பரிமளா தயங்கினாள். பிறகு, பிள்ளைகள் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்தாள்.

“முன்னபின்ன தெரியாதவங்க பேசினா பதில் போடாதீங்க. பேரு, விலாசம் சொல்லாதீங்க. படம் கேட்டா அனுப்பாதீங்க. புத்திகெட்ட பிள்ளைங்கதான் மாட்டிக்கும். என் பேச்சை மீறிட்டு, நாளைக்கு மிஸ் மிஸ்னு அழுதுக்கிட்டு யாரும் எங்கிட்ட வந்து…”

பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பாத்தி நிறைந்து தண்ணீர் வழிந்தது. இருவரும் அதைத் திருப்பிவிடவில்லை.

“பயந்தாலாவது ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நினைச்சேன் சாமி.”

“தெரியும்மா.”

“அவ்வளவு சொல்லியும் அவ ஒண்ணைக்கூடக் கேக்கலையே.”

“ஒண்ணைக் கேட்டிருக்காம்மா,” என்றார் சாமி. “மழைக்காலம் பூரா அழுதிருக்கா. உங்ககிட்ட வரலையே.”